பாதியில் நின்ற வீட்டுப் புதுப்பிப்பு வேலை

வணக்கம். ஒப்பந்தக்காரர் பெரும்பகுதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, குளியலறையில் டைல்ஸ் பதிக்காமலேயே வருவதை நிறுத்திவிட்டார் என்றும், வேறு மேஸ்திரியை உடனே அழைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து சில நாள் பொறுங்கள். புதியவர் கைவைத்துவிட்டால், பழையவர் எதுவரை செய்தார் என்பதைப் பிறகு நிறுவுவது மிகக் கடினம். முதலில் ஒரு சிவில் பொறியாளரைக் கொண்டு முடிந்த வேலையை அளந்து, அதன் மதிப்பையும் குறைகளையும், எஞ்சியதை முடிக்க ஆகும் செலவையும் கையொப்பமிட்ட அறிக்கையாக வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் புகைப்படங்களைவிட இதுவே வலுவாக நிற்கும்.

அதன்பின் பழைய ஒப்பந்தக்காரருக்கு, 15 நாளுக்குள் வேலையை முடிக்காவிட்டால் வேறொருவரைக் கொண்டு முடித்து அந்தச் செலவை அவரிடமே கோருவதாக, ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் எழுதுங்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லையே என்று கலங்க வேண்டாம். வங்கிப் பரிமாற்றங்களும் வாட்ஸ்அப் உரையாடல்களும் சான்றாகும், அவற்றை அழித்துவிடாதீர்கள்.

சிலர் ரெராவுக்கு, அதாவது வீட்டுமனை, கட்டடத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையத்துக்குப் போகச் சொல்வார்கள்; சொந்த வீட்டின் புதுப்பிப்பு வேலை அதன் வரம்பில் வராது. உங்களுக்குரிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. அதற்கு முன்பே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுப் பார்க்கலாம்.