படகுப் பம்ப்: பாதி விலைக்கு, பில் இல்லாமல் வாங்கலாமா?

கேள்வி: காசிமேட்டில் 28 அடி ஃபைபர் படகு வைத்து, நானே கடலுக்குச் சென்று தொழில் செய்கிறேன். படகுக்குள் தேங்கும் தண்ணீரை இறைக்கும் 12 வோல்ட் பம்ப், டீசல் இன்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்ப் ஆகிய இரண்டும் தேய்ந்துவிட்டன. இரண்டையும் முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பாரிமுனையில் ஒரு கடைக்காரர், பழைய இறைக்கும் பம்பில் உள்ள அதே 1100 ஜிபிஹெச் (மணிக்கு இத்தனை கேலன்) அளவில், பாதி விலைக்கு, பில் இல்லாமல் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: கடல்நீர் பம்பை முழுதாக மாற்றும் முன், அதன் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் தேய்வது உள்ளே சுழன்று நீரைத் தள்ளும், இறகுகள் கொண்ட ரப்பர் சக்கரமான இம்பெல்லர்தான். தண்ணீரின்றிச் சில நிமிடங்கள் ஓடினாலே அது கருகிவிடும். பம்புக்கும் இன்ஜினுக்கும் இடையே நீர் கசிந்தால் சீல் போயிருக்கிறது என்று பொருள். இவ்விரண்டும் தனி உதிரிபாகங்களாகவே கிடைக்கும். தண்டைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் காட்டுகிறது, உட்சுவரில் ஆழமான கீறல் விழுந்திருக்கிறது என்றால் மட்டுமே முழுப் பம்புக்குச் செலவழிப்பது நியாயம். இம்பெல்லரின் இறகு ஏதேனும் உடைந்திருந்தால், அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் புதியதைப் பொருத்த விடாதீர்கள்; அது குளிர்விப்புக் குழாயை அடைத்து, இன்ஜினையே சூடேற்றிவிடும்.

இறைக்கும் பம்பின் 1100 ஜிபிஹெச் என்பது மணிக்கு ஏறத்தாழ 4,160 லிட்டர். இந்தக் கணக்கு, பம்ப் தண்ணீரை மேலே ஏற்ற வேண்டிய தேவையே இல்லாத நிலையில், பல தயாரிப்புகளில் 13.6 வோல்ட் மின்னழுத்தத்தில் எடுக்கப்பட்டது. உங்கள் படகிலோ நீர் பக்கச்சுவர் உயரத்துக்கு ஏற வேண்டும், குழாய் வளைந்து செல்லும், இன்ஜின் நின்றிருக்கும்போது பேட்டரி 12 வோல்ட் சுமாருக்கு இறங்கியிருக்கும். ஆகவே பெட்டியில் அச்சிட்டதைவிடக் கணிசமாகக் குறைந்த நீரே வெளியேறும். கடையில் வாளியில் வைத்து ஓட்டிக் காட்டுவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதனால் எதுவும் நிரூபணமாகாது. நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே ஓர் அங்குல ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும் என்பதை மனத்தில் வைத்து, ‘ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏற்றும்போது எவ்வளவு இறைக்கும்?’ என்று கேளுங்கள். உயரத்துக்கேற்ப இறைக்கும் அளவைத் தரும் அட்டவணையைக் காட்டும் தயாரிப்பையே வாங்குங்கள். உட்புறம் வழவழப்பான குழாய், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, உரிய ஃபியூஸ் ஆகியவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். மெல்லிய சாதாரணக் கம்பி உப்புக்காற்றில் அரித்து, நல்ல பம்பையும் மந்தமாக்கிவிடும்.

பில் இல்லாத பேரத்தை நான் ஏற்க மாட்டேன். வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்கு மட்டுமே வாங்கித் தாமே பயன்படுத்துபவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. படகை நீங்களே ஓட்டுவதால், பம்ப் பழுதானால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமும் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பார்க்கலாம். எங்கு சென்றாலும் வாங்கியதற்கான சான்றைத்தான் முதலில் கேட்பார்கள். ஆகவே மாடல் எண், வரிசை எண், உத்தரவாதக் காலம் ஆகியவற்றுடன், மெக்கானிக் பெயரில் அல்லாமல் உங்கள் பெயரிலேயே பில் போடச் சொல்லுங்கள்.