பெருக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் பெருக்கு

(ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் நான் குடியிருந்த 11 வருடங்களைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சில இங்கே.)

என் தங்கை ஜெர்மனியிலிருந்து அனுப்பும் போட்டோக்களில் தெரு துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. சுத்தம் அவர்கள் ரத்தத்திலேயே ஊறியதா? நமக்கு மட்டும் ஏன் அந்தக் குணம் வரவில்லை?
– திண்டுக்கல் வாசகி

ரத்தத்தில் ஊறியதா தெரியாது அம்மா. நான் பார்த்தவரை கதவுக் கைப்பிடியில் தொங்கியது.

எங்கள் வீட்டுக் கதவில் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சின்னப் பலகை ஒன்று வந்து தொங்கும். ‘கேர்வோஹே’ என்று எழுதியிருக்கும். பெருக்கும் வாரம் என்று அர்த்தம். ஷ்டுட்கார்ட் இருக்கும் ஸ்வாபியப் பகுதியின் பழைய வழக்கம் இது. நம் மாடிப் படியை நாமும் எதிர்வீட்டாரும் மாற்றி மாற்றிப் பெருக்கித் துடைப்பது சின்ன முறை. வாசல், நிலவறை, தெருவோர நடைபாதை என்று மொத்தக் கட்டடத்துக்கும் வரிசை வைத்துச் செய்வது பெரிய முறை. நகரச் சட்டத்திலிருந்து 1988-இலேயே இதை எடுத்துவிட்டார்கள். ஆனால் வாடகை ஒப்பந்தத்திலிருந்து போகவில்லை. எங்கள் ஒப்பந்தத்திலும் இருந்தது.

முதல் முறை வந்த வாரம் படியில் ஒரு தூசு இல்லை. இதில் பெருக்க என்ன இருக்கிறது என்று பலகையைக் கழற்றி எதிர்வீட்டுக் கதவில் மாட்டிவிட்டேன். சாயங்காலம் மணி அடித்தது. எதிர்வீட்டுப் பாட்டி, கையில் பலகையோடு.

“நீங்கள் பெருக்கவில்லை.”

“அழுக்கே இல்லையே.”

“அழுக்கைப் பற்றி நான் கேட்கவில்லை. இது யார் வாரம்?”

அதற்கப்புறம் என் வாரத்தில் வாளியைப் படியில் வைக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே வைப்பேன். பெருக்கினால் போதாது, பெருக்கியது தெரியவும் வேண்டும்.

என் அம்மா பொள்ளாச்சியில் விடிவதற்கு முன்பே வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார். அந்தப் பாட்டியைவிட அம்மாவுக்குச் சுத்தம் கம்மி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஆனால் கூட்டிய குப்பை எங்கே போகும்? எதிரே சாக்கடைக்குத்தான். வாசலைத் தாண்டினால் அது யார் முறை என்று எங்கள் தெருவில் யாரும் பலகை மாட்டியதில்லை.

இன்னொன்று. உங்கள் தங்கையை ஜனவரி 1 காலையில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே பொதுமக்கள் பட்டாசு வெடிக்க டிசம்பர் 31, ஜனவரி 1 இரண்டு நாள்தான் பொது அனுமதி. வருடத்துக்கும் சேர்த்து அன்று ராத்திரியே வெடித்துத் தீர்ப்பார்கள். மறுநாள் தெரு முழுக்கச் சிவப்புக் காகிதம், எரிந்த ராக்கெட் குச்சி, காலி ஷாம்பெயின் பாட்டில். தீபாவளிக்கு அடுத்த நாள் கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் போன மாதிரியே இருக்கும். அதே மனிதர்கள்தான். அந்த ராத்திரிக்கு யாருக்கும் முறை போடவில்லை, அவ்வளவுதான்.

அங்கே காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு கிடைக்குமாமே? நம் ஊரில் இதெல்லாம் நடக்குமா?
– குன்னூர் வாசகர்

குன்னூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்களே! சொல்கிறேன்.

அங்கே ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில், டின் எல்லாவற்றுக்கும் விலையோடு 25 சென்ட் சேர்த்து வாங்கிவிடுவார்கள். 2003-இல் ஆரம்பித்தது. கடையில் இருக்கும் இயந்திரத்தின் வாயில் காலி பாட்டிலைப் போட்டால் சீட்டு வரும், பில்லில் கழித்துக்கொள்ளலாம். இது தெரியாமல் முதல் மாதம் 40 பாட்டிலைக் குப்பைப் பையில் கட்டிப் போட்டோம். 10 யூரோ. என் கணவர் அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார், பையைக் கட்டியது அவர்தான் என்றாலும்.

ராத்திரியில் டார்ச் அடித்துக் குப்பைத் தொட்டிக்குள் பாட்டில் தேடும் வயதானவர்களையும் அந்தப் பணக்கார ஊரில்தான் பார்த்தேன். அவர்கள் தொட்டிக்குள் கைவிட வேண்டாம் என்று பலர் பாட்டிலை வெளியே, தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டுப் போவார்கள். போட்டோவில் இதெல்லாம் வராது.

இப்போது உங்கள் மலைக்கு வருவோம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரி டாஸ்மாக் கடைகளில் 2022-இல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. அதற்கு முன் காட்டோரத்தில் உடைந்து கிடந்த பாட்டில்கள், யானையின் காலைக் கிழித்தவை, கடைக்கே திரும்பி வர ஆரம்பித்தன. குடித்தவர்கள் என்ன, ஒரே ராத்திரியில் ஜெர்மன்காரர்கள் ஆகிவிட்டார்களா?

ஜெர்மன் ரயிலை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தலாம் என்கிறார்களே?
– விருதுநகர் வாசகர்

திருத்திக்கொண்டால் ஆபீசுக்குத் தாமதமாகப் போவீர்கள். 2024-இல் நூறு நெடுந்தூர ரயில்களில் 62, 63-தான் நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிடத்துக்குள் தாமதம் என்றால் தாமதமாகவே கணக்கில்லை. கடிகாரம் திருத்த ஜப்பானுக்குப் போங்கள். 2017 நவம்பரில் தோக்கியோ பக்கம் ஒரு ரயில் 20 வினாடி முன்னதாகக் கிளம்பியதற்கு ரயில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

என் மகன் ம்யூனிக்கில் வேலைக்குப் போயிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கடையே இல்லை, மிக்ஸி போட்டால் கீழ்வீட்டுக்காரர் வருகிறார் என்று புலம்புகிறான். இது என்ன ஊர்?
– மதுரை வாசகி

ஞாயிறு ஓய்வு அங்கே அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது அம்மா. வைமார் சட்டம் என்கிற 1919-ஆம் வருடத்து ஜெர்மன் அரசியல் சட்டத்தில் இருந்த வாசகத்தை இன்றைய அரசியல் சட்டத்தின் 140-ஆவது பிரிவு அப்படியே எடுத்துக்கொண்டது. கீழ்வீட்டுக்காரருக்குப் பின்னால் அவ்வளவு பெரிய பலம்.

எங்களுக்கும் முதல் ஞாயிறு வீட்டில் இரண்டு வெங்காயமும் உப்பும்தான் இருந்தன. பெரிய ரயில் நிலையத்துக் கடைகளும் பெட்ரோல் பங்க்கும் திறந்திருக்கும், பேக்கரி காலையில் சில மணி நேரம் இருக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. தம்பிக்குச் சொல்லுங்கள்: தேங்காய்ச் சட்னியைச் சனிக்கிழமை மாலையே அரைத்து ஃப்ரிட்ஜில் வைக்கட்டும், ஞாயிறு காலையில் தாளித்துக்கொள்ளட்டும். தாளிக்கும் சத்தத்துக்கு இதுவரை யாரும் வந்ததில்லை.

திரும்பி வந்த வருடம் கோயம்புத்தூரில் விடியற்காலை நாலரைக்குக் கோயில் ஒலிபெருக்கி கேட்டு எழுந்து உட்கார்ந்தேன். அந்தக் கீழ்வீட்டுக்காரர் நினைவுதான் வந்தது.

நேராகக் கேட்கிறேன். யாருக்குப் பாசம் அதிகம், நமக்கா அவர்களுக்கா?
– ஈரோடு வாசகி

போன வருடம் எனக்குக் கோயம்புத்தூரில் பித்தப்பை ஆபரேஷன். மூன்று நாளில் 19 பேர் பார்க்க வந்தார்கள். ஒருவரும் சொல்லிவிட்டு வரவில்லை. ஹார்லிக்ஸ், ஆப்பிள், ஒரு பெரியம்மா ரசம் வைத்தே கொண்டுவந்தார். ஒருவர் மொத்தம் எவ்வளவு செலவு என்று கேட்டார். இன்னொருவர், தனக்குத் தெரிந்த ஒருவர் இதே ஆபரேஷனில்தான் போய்ச் சேர்ந்தார் என்றார். தூங்கவே முடியவில்லை. ஆனால் அத்தனை பேரும் போன பின் அந்த அறை என்னவோ மாதிரி இருந்தது என்பதும் நிஜம்.

ஷ்டுட்கார்ட்டில் ஒரு ஜனவரியில் பனியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எதிர்வீட்டுப் பாட்டி ஒரு நாளும் உள்ளே வந்து உட்காரவில்லை, எப்படி ஆனது என்றும் கேட்கவில்லை. ஆனால் என் வாரம் வந்தபோது பலகை எங்கள் கதவுக்கு வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. காலையில் எட்டிப் பார்த்தால் எங்கள் பக்கத்துப் படி ஈரமாக இருக்கும். மூன்று முறை அவரே பெருக்கித் துடைத்தார், 74 வயதில்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தேன். கதவில் பலகை தொங்கியது.