பெங்களூருவில் குடியேறுவோருக்கு: அட்வான்ஸ், போக்கியம், ஓசூர் – கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வேலைக்காகப் பெங்களூருவுக்குக் குடிபெயர்வோர் கேட்ட சில கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன். கிருஷ்ணகிரியில் ஆவண எழுத்தராக இருப்பதால், ஏமாந்தவர்கள் கொண்டுவரும் ஒப்பந்தத் தாள்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். என் பதில்களில் எச்சரிக்கை சற்றுத் தூக்கலாக இருப்பதற்கு அதுவே காரணம்.

காரிமங்கலம் வாசகர்: ஐயா, என் மகனுக்கு 45,000 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்துள்ளது. 18,000 ரூபாய் வாடகையில் வீடு பார்த்திருக்கிறான். கையில் எவ்வளவு பணம் கொடுத்தனுப்ப வேண்டும்?

வாடகையை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு புறப்பட்டால் முதல் வாரமே கடன் வாங்க நேரிடும். பெங்களூருவில் 10 மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 5, 6 மாதத்துக்கு இறங்கி வரும் உரிமையாளர்களும் உண்டு. 6 மாதம் என்றே வைத்துக்கொண்டாலும் அட்வான்ஸ் 1,08,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 18,000, முதல் மாத வாடகை 18,000 என 1,44,000 ரூபாய் ஆகிவிடும். வண்டிக் கூலி தனி. மெயின்டனன்ஸ் வாடகையில் அடங்குமா, காவிரிக் குழாய் இணைப்பு உண்டா, போர்வெல் மட்டும்தானா என்பதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். 2024 கோடையில் போர்வெல்லை நம்பியிருந்த குடியிருப்புகள் டேங்கர் லாரிக்குக் கொடுத்த பணம் குடியிருந்தவர்களின் தலையில்தான் விழுந்தது. உங்கள் மகன் தனியாள் என்றால், வேலை உறுதியாகும் வரை பி.ஜி. விடுதியில் இருக்கட்டும், சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கை வாடகைக்கே கொடுக்க இப்போது அவசரம் இல்லை.

ஊத்தங்கரை வாசகி: 10 லட்சம் கொடுத்தால் மூன்று ஆண்டுகளுக்கு வாடகையே இல்லாமல் போக்கியத்துக்கு வீடு தருவதாகச் சொல்கிறார்கள். நிலம் விற்ற பணம் கையில் இருக்கிறது. கொடுக்கலாமா?

அம்மா, இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக இடம் ஒதுக்க வேண்டும். போக்கியம் தவறான ஏற்பாடு அன்று. ஆனால் பெங்களூருவில் அது பெரும்பாலும் பதிவு செய்யப்படாத ஒரு முத்திரைத் தாளில் முடிந்துவிடுகிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையும், கொடுத்த பணத்துக்கு ஈடாக வீட்டை அனுபவிக்கும் அனுபவ அடமானமும் பதிவு செய்யப்பட வேண்டியவை. வாடகை ஒப்பந்தங்களை 11 மாதத்துக்கு எழுதுவதன் காரணமும் இதுவே. உரிமையாளர் அந்த வீட்டின் மீது முன்பே வங்கிக் கடன் வாங்கியிருந்து தவணை கட்டத் தவறினால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடும். அப்போது பதிவில்லாத உங்கள் தாளைக் காட்டி வங்கியைத் தடுப்பது மிகக் கடினம். ஆகவே கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். மூலப்பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடன் அதில் தெரியாமல் போகக்கூடும் என்பதால், அடமானங்களைப் பதியும் மத்தியப் பதிவகமான செர்சாயிலும் கட்டணம் செலுத்தித் தேடுங்கள். அசல் மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல், நகலைப் பார்த்துப் பணம் கொடுக்கவே கூடாது. பதிவுக்கு உரிமையாளர் மறுத்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். நிலத்தை விற்ற பணம் என்பதால் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

சூளகிரி வாசகர்: ஓசூரிலேயே குடியிருந்து தினமும் போய்வந்தால் மிச்சமாகுமா?

வேலை எலக்ட்ரானிக் சிட்டியிலோ பொம்மசந்திராவிலோ என்றால் ஆகும். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. சாலை வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்ட பிறகு நகரின் தென்பகுதிக்கும் போய்வரலாம். ஆயினும் அத்திப்பள்ளி எல்லை நெரிசலைக் கடந்துதான் பொம்மசந்திராவை அடைய வேண்டும். வைட்ஃபீல்டு, ஹெப்பாள் பக்கம் வேலை என்றால் அந்த யோசனையே வேண்டாம். ஓசூரில் இன்னொரு வசதியும் உண்டு: தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், முன்பணத்தை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. எல்லா உரிமையாளர்களும் அதை மதிப்பதில்லை. பேரம் பேசுவதற்காவது அது உதவும்.

பென்னாகரம் வாசகர்: அண்ணா, கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போகிறோம். ஷெட்டுக்கு வாடகை பிடிப்பதாக மேஸ்திரி சொல்கிறார்.

பிடிக்கக் கூடாது. வேலை நடக்கும் இடத்திலோ அருகிலோ இலவசத் தங்குமிடமும், சமைக்க, குளிக்க, கழிப்பறைக்குத் தனி இடமும் தர வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்த கடமை; 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. புறப்படும் முன்பே மேஸ்திரியிடம் இதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். அங்கே போன பிறகு பேசுவது கடினம். உங்களுடையது முன்னுரிமை ரேஷன் அட்டை என்றால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டப்படி, கைரேகை வைத்து அங்குள்ள நியாயவிலைக் கடையிலும் தானியம் வாங்கலாம்.

பாலக்கோடு வாசகி: வீட்டைக் காலி செய்தபோது பெயின்டிங் என்று சொல்லி ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டார்கள். இது நியாயமா?

பெங்களூரு ஒப்பந்தங்களில் இது வழக்கமான வரிதான். கையெழுத்திட்டுவிட்டால் மறுப்பது கடினம். அடுத்த வீட்டுக்குப் போகும்போது அந்த வரியை “உண்மைச் செலவுக்கு ரசீது தந்து கழிக்கலாம், ஒரு மாத வாடகைக்கு மிகாமல்” என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். சாவி வாங்கும் நாளிலேயே சுவர்க்கறை, கீசர், குழாய், கதவுத் தாழ்ப்பாள் ஆகியவற்றைப் படம் எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால், காலி செய்யும்போது எது பழைய பழுது என்பதில் வாக்குவாதம் எழாது.