பாரம் இழுக்கும் பெரிய குதிரைக்கு லாடம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இங்கிலாந்தில் ஷயர் என்ற பாரம் இழுக்கும் பெரிய இனக் குதிரைகள் இருந்த ஒரு பண்ணையில் ஆறு வருடம் லாயத்தில் வேலை பார்த்தேன். லாடம் அடித்தது நான் இல்லை. அங்கே அதற்கென்று பதிவு பெற்றவர்கள்தான் அடிக்கலாம். 1975-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் குளம்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஷயர் ஒரு டன் எடைகூட வரும். கால் ஊன்றும்போதெல்லாம் குளம்பின் பின்பகுதி கொஞ்சம் விரியும், தூக்கினால் சுருங்கும். அதனால் லாடத்தின் பின்முனைகள் குளம்பைவிடச் சற்று அகலமாக வெளியே தெரிய வேண்டும். ஒட்டினாற்போல் அடித்தால் அன்றைக்குப் பார்க்க அழகாக இருக்கும். சில வாரங்களில் குளம்பு வளர்ந்து இரும்பை மீறி வெளியே வந்துவிடும். குளம்பு மிக அகலமாக இருக்கும் இடத்துக்குப் பின்னால் ஆணியும் கூடாது, அந்த விரிவைக் கட்டிப்போட்டுவிடும்.

லாடத்தைத்தான் குளம்புக்கு ஏற்ப வளைக்க வேண்டும். இவ்வளவு கனமான இரும்பை வளைப்பது கஷ்டம் என்று குளம்பின் வெளிச்சுவரை அரத்தால் தேய்த்து லாடத்துக்குள் அடக்குகிறவர்கள் உண்டு. அதை விடவே விடாதீர்கள். சுவர் மெலிந்தால் ஆணி பிடிக்காது.

சூடான லாடத்தைக் குளம்பின் அடியில் சில நொடிகள் வைத்து எடுத்ததும் விழும் கருகிய தடத்தையும் கவனியுங்கள். சுற்றிலும் ஒரே சீராக இருந்தால் சரி, விட்டுவிட்டு இருந்தால் மேடு பள்ளம் இருக்கிறது. புகை வருமே தவிரக் குதிரைக்கு வலிக்காது, குளம்பு நம் நகம் மாதிரி.

அப்புறம் ஆணி. அடிப்பாகத்தில் சுவருக்கும் உள்ளங்காலுக்கும் நடுவே வெளிறிய கோடு ஒன்று தெரியும். ஆணி அதற்கு உள்ளே போகவே கூடாது. எங்கள் பெட்டைக் குதிரை ஒன்று லாடம் அடித்த அன்று மாலையே இடது முன்காலை ஊன்ற மறுத்தது. குளம்பைத் தொட்டால் சுட்டது. ஓர் ஆணி உள்சதையை ஒட்டி இறங்கியிருந்தது. உடனே பிடுங்கியும் அது சரியாக நடக்கப் பத்து நாள் ஆயிற்று. அன்று முதல் லாடம் அடித்த இரவு நாலு குளம்பையும் தொட்டுப் பார்க்காமல் நான் தூங்கப் போனதில்லை.

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் கழற்றித் திரும்ப அடிக்க வேண்டும். உங்கள் குதிரையின் குளம்பைப் படம் எடுத்தால், காலில் தொங்கும் முடியை ஒதுக்கிவிட்டு, பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.