நரம்பை உறைய வைத்தால் வலி போகுமா? கேள்வி பதில்

முழங்கால் வலி, இடுப்பு வலி, பக்கவாதத்துக்கு அப்புறம் வரும் தசை இறுக்கம் இவற்றுக்கு நரம்பை உறைய வைக்கும் சிகிச்சை பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் மயக்க மருத்துவம் படித்து வலி சிகிச்சை பார்ப்பவன். என் எல்லைக்குள் வருவதற்கு மட்டும் பதில்.

பாம்பன்: அப்பாவுக்கு வலை இழுத்தே முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆபரேஷன் என்றாலே எழுந்து போய்விடுகிறார். இதைச் செய்தால் மூட்டு சரியாகுமா சார்?

மூட்டு சரியாகாது தம்பி. மூட்டின் வலியை மூளைக்குச் சொல்லும் நரம்பு சில மாதம் வேலை செய்யாது, அவ்வளவுதான். ஊசி மாதிரி மெல்லிய கம்பிக்குள் நைட்ரஸ் ஆக்சைடு வாயு அழுத்தத்தோடு போய் நுனியில் சட்டென்று விரிகிறது. விரியும்போது நுனி மைனஸ் 60, 80 டிகிரிக்குக் குளிர்ந்து, சுற்றிலும் சில மில்லிமீட்டர் அளவுக்குப் பனி உருண்டை கட்டும். அல்ட்ராசவுண்ட் திரையில் அது கறுப்பாகத் தெரியும். அதில் அகப்பட்ட நரம்பிழை செத்துவிடும். இழையைச் சுற்றியுள்ள உறை பிழைத்துக்கொள்ளும். அந்த உறைக்குள்ளேயே இழை நாளுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் வளர்ந்து திரும்பி வரும். வலியும் கூடவே வரும், பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில். அதற்குள் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலி இல்லையே என்று சும்மா உட்கார்ந்தால் காசு வீண்.

எல்லாருக்கும் சேர்த்து ஒன்று. முதலில் அதே நரம்பில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில மணி நேரமாவது வலி நன்றாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் வலிக்குக் காரணம் அந்த நரம்பு இல்லை. சோதனை ஊசியே வேண்டாம் என்கிற டாக்டர்களும் உண்டு; எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

மண்டபம்: நான் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ஐஸ் பாரைத் தூக்குகிற தோள்தான் வலிக்கிறது. குளிரில் வலி போகும் என்றால் எனக்கு ஏன் போகவில்லை?

நல்ல கேள்வி. உருகும் ஐஸ் பூஜ்யம் டிகிரி. அதைத் தோல்மேல் வைத்தால் உள்ளே இருக்கும் நரம்பு கொஞ்சம் மந்தமாகும், எடுத்ததும் பழையபடி ஆகிவிடும். இழை சாக வேண்டுமென்றால் மைனஸ் 20-க்குக் கீழே போக வேண்டும், அதுவும் நரம்பை ஒட்டியே. உடனே உப்பைக் கலக்கலாமே என்று யோசிப்பீர்கள். ஐஸோடு உப்பு சேர்ந்தால் மைனஸ் 21 வரை போகும்தான், ஆனால் நரம்புக்கு முன்னால் தோல் அந்தக் குளிரிலேயே வெந்ததுபோல் புண்ணாகிவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சாயல்குடி: மேலே கேட்ட தம்பிக்கு: நொச்சி இலை போட்டு ஒத்தடம் கொடுங்கள். வலிக்குச் சூடுதான் மருந்து. குளிர் வாதத்தைக் கூட்டும். நரம்பைக் கொல்வதெல்லாம் வைத்தியமா?

மண்டபம்: ஐயா, வெயிலில் நின்று வேலை செய்பவனுக்கு இன்னும் சூடா?

நீங்கள் இருவரும் இதோடு நிற்கவில்லை, மற்றவர்களும் கட்சி கட்டிவிட்டார்கள். ஒத்தடம் தசைப் பிடிப்புக்கு இதமானது, நானே சொல்வதுண்டு. ஆனால் இங்கே பேச்சு நரம்பைப் பற்றி. நரம்பைச் சுடும் சிகிச்சையும் இருக்கிறது ஐயா. ரேடியோ அலையில் 80 டிகிரி வரை சூடாக்குவார்கள். முதுகெலும்பின் சிறு மூட்டுகளில் வரும் இடுப்பு வலிக்கு நம் நாட்டில் அதுதான் அதிகம் நடக்கிறது, நல்ல பலனும் உண்டு. உறைய வைப்பதில் உறை தப்பிப்பதால், அறுந்த நுனியில் வலிக்கும் நரம்புக் கட்டி உருவாகும் பயம் குறைவு. நரம்பு வலிக்குக் குளிர் என்பது நேற்று வந்ததுமில்லை. இங்கிலாந்தில் ஜான் லாய்டும் கூட்டாளிகளும் 1976-லேயே எழுதிவிட்டார்கள்.

தேவிபட்டினம்: மூட்டு வலிக்கு இது நிரந்தரத் தீர்வா?

இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

தொண்டி: அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து கை மடங்கியே இருக்கிறது. விரலைப் பிரிக்க முடியவில்லை, நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகிவிட்டது.

அக்கா, இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்க விரும்புகிறேன். இறுக்கம் இரண்டு வகை. ஒன்று, மூளையின் கட்டுப்பாடு போனதால் நரம்பு ஓயாமல் தசையை இழுப்பது. இன்னொன்று, தசையும் தசைநாரும் நாளடைவில் குறுகிப்போவது. மரத்துப்போகும் ஊசி போட்டதும் கை தளர்ந்தால் முதல் வகை. உறைய வைத்தால் பலன் இருக்கும். தளராவிட்டால் எத்தனை முறை உறைய வைத்தாலும் பிரியாது. முழங்கை மடக்கும் நரம்பு, குதிகாலைத் தூக்கும் நரம்பு இவற்றில் கனடாவின் விக்டோரியா நகரத்து மருத்துவர்கள் நல்ல அனுபவம் சேர்த்திருக்கிறார்கள். விரல் விஷயம் சிக்கலானது. அந்த நரம்பில் தொடு உணர்ச்சியும் ஓடுகிறது. பெரிய நரம்பையே உறைய வைத்தால் எரிச்சல் வலி வரலாம். தசைக்குள் போகும் கிளையாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி சுமார் 3 மாதம் தாங்கும், அதையும் கேளுங்கள். எது செய்தாலும் மறுநாளிலிருந்து பிசியோதெரபியும் விரலை விரித்துப் பிடிக்கும் கைப்பட்டையும் வேண்டும். அதுவரை வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஊற வையுங்கள். மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினால் விரல் கொஞ்சம் தளரும். அப்போது நகத்தை வெட்டி, உள்ளங்கையைத் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள். புண்ணை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கீழக்கரை: காக்கா (அண்ணே), மச்சான் சங்கு குளிக்கப் போய் வந்ததிலிருந்து இரண்டு காலும் விறைத்துவிட்டன. உறைய வைக்கலாமா?

எப்போது நடந்தது? இப்போதுதான் என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆழத்திலிருந்து வேகமாக ஏறினால் காற்றுக் குமிழி தண்டுவடத்தைக் கெடுக்கும். ஆக்சிஜனும் அழுத்த அறை சிகிச்சையும்தான் அதற்கு மருந்து. பழைய பாதிப்பு என்றால் மறுவாழ்வு மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கேயும் சோதனை ஊசி முதலில்.

தங்கச்சிமடம்: இறால் உரிக்கிற வேலை. ஐஸில் கை வைத்தால் விரல் வெளுத்து அப்புறம் நீலமாகிறது. மணிக்கட்டு வலிக்கு இது செய்யலாமா?

வேண்டாம் அம்மா. குளிரில் ரத்தக் குழாய் இப்படிச் சுருங்குபவர்களுக்கும், குளிர் பட்டால் தடிப்பு வருபவர்களுக்கும் இது ஆகாது. வெளுப்புக்கு என்ன காரணம் என்று பொது மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.

ஏர்வாடி: எங்கே செய்கிறார்கள்? எவ்வளவு ஆகும்?

இதையே பலர் கேட்டுவிட்டீர்கள். ஆஸ்பத்திரி பெயரோ விலையோ சொல்ல மாட்டேன். மதுரைக்கு பஸ் ஏறும் முன் போன் போட்டு, உறைய வைக்கும் கருவி இருக்கிறதா, சோதனை ஊசி போடுவார்களா என்று கேளுங்கள்.

ராமநாதபுரம்: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்திவிட்டு வரலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் சொல்லட்டும்.