கேளுங்க சொல்லுறன்: கடலடிப் பெட்டரிய யாரு மாத்துற?

கேள்வி: சேர், சுனாமிய அறியிறதுக்கு கடலுக்கு அடியில மெஷின் வச்சிருக்காங்களாம், அதுக்கு கரண்ட் எங்கால வருது, பெட்டரி முடிஞ்சா யாரு இறங்கி மாத்துற? - மருதமுனை வாசகர்

பதில்: ஒருத்தரும் இறங்குறதில்ல தம்பி, கப்பல் போய் மேல நிண்டு ஒரு சத்தம் குடுத்தா அது கட்டியிருக்கிற பாரத்தைக் கழட்டி விட்டுட்டு தானா மிதந்து வரும், புதுப் பெட்டரி போட்டு திரும்ப இறக்குவாங்க. 2004 டிசம்பரை கண்டவங்கட ஊரில இருந்து இந்தக் கேள்வி வாறது ஞாயம்தான்.

அந்தக் கருவி தண்ணிட அழுத்தத்தை அளக்கிறது. 6000 மீட்டர் ஆழத்திலயும் கிடக்கும், பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் (தரையில காத்து நம்மள அழுத்துற அளவு) எண்டு பாத்தா அங்க அதைப் போல 600 மடங்கு. வெளிச்சம் சொட்டும் இல்ல, அதால சோலர் கதையே இல்ல. சுனாமிய அறிய அமெரிக்கா வச்சிருக்கிற டார்ட் எண்ட கருவியில ரெண்டாவது மொடலை எடுங்க, அளக்கிற பகுதிக்கு டோர்ச்சுக்கு போடுற பெரிய அல்கலைன் பெட்டரி சாதிதான், மொத்தமா 1500 வொட்-மணித்தியாலத்தை விட கொஞ்சம் கூட. நம்மட வீட்டு 60 வொட் ஃபேனைப் போட்டா ஒரு நாளைக்கு மேல சொச்ச நேரம்தான் ஓடும், அதை வச்சு அங்க நாலு வருஷம் இழுக்கணும்! எப்பிடியெண்டா 15 செக்கனுக்கு ஒருக்கா அளந்து தனக்குள்ள வச்சுக்கும், சும்மா நாளில ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்காத்தான் மேல மிதக்கிற போயாவுக்கு (மிதவைக்கு) தகவல் அனுப்பும், அலை மாதிரி ஏதும் தட்டுப்பட்டாத்தான் அடுத்தடுத்து அனுப்பும். கடல் தண்ணிக்குள்ள ரேடியோ போகாது, சத்தமாத்தான் அனுப்ப ஏலும், கரண்ட் கூடுதலா செலவாகிறது அதுலதான், அதுக்கெண்டே வேற பெட்டரியும் இருக்கு. பெரிய பெட்டரி கண்டுபிடிச்சாச் சரி எண்டு நினைக்கிறம், ஆனா என்னைக் கேட்டா கருவிய நல்லா நித்திரை கொள்ள வைக்கிறவன்தான் கெட்டிக்காரன்.

இப்ப லித்தியம் தயோனைல் குளோரைட் எண்ட சாதியும் நிறையப் பாவிக்கிறாங்க. ஒண்டு 3.6 வோல்ட், சும்மா கிடந்தா வருஷத்துக்கு நூத்துக்கு ஒண்டு அளவுதான் குறையும், குளிரையும் தாங்கும். சார்ஜ் பண்ண மட்டும் ஏலாது.

கேள்வி: சேத்தில இருந்து கரண்ட் எடுக்கலாம் எண்டாங்க, உண்மையா? - களுவாஞ்சிகுடி மாணவி

பதில்: உண்மைதான் தங்கச்சி. வாவிக்கரையில காலை வச்சா கூழ் முட்டை மணத்தோட ஒரு கறுப்புச் சேறு வருமே, அதுக்குள்ள ஒட்சிசன் இல்ல, அங்க இருக்கிற பக்டீரியா அழுகினதைத் தின்னுட்டு இலத்திரனை வெளிய விடும். சேத்துக்குள்ள ஒரு கிராஃபைட் தகடு, மேல தண்ணிக்குள்ள இன்னொண்டு, நடுவில வயர், அவ்வளவுதான். 2008ல அமெரிக்காட பொடோமாக் ஆத்தில ஒரு வானிலை போயாவையே இப்பிடி ஓட்டிக் காட்டினாங்க. கிடைக்கிறது மில்லிவொட் கணக்குத்தான், போன் சார்ஜுக்கு ஆசைப்பட வேணாம். ஆனா சேறு இருக்கும்வரை தீராதே, அதான் கடலடிக்காரங்களுக்கு இதுல கண்.

கேள்வி: கடல்ல விழுந்த பிளேன்ட கறுப்புப் பெட்டி ஏன் 30 நாளில சத்தம் போடாம விட்டிச்சு? - வாழைச்சேனை வாசகர்

பதில்: தண்ணிக்குள்ள தான் கிடக்கிற இடத்தைக் காட்டத்தான் அது சத்தம் போடுற, அப்ப சட்டமே 30 நாள் போட்டாப் போதும் எண்டுதான். 2009ல ஏர் பிரான்ஸ் பிளேன் அத்திலாந்திக்கில விழுந்த பிறகுதான் 90 நாளாக்கச் சொன்னாங்க. அந்தப் பெட்டிய ரெண்டு வருஷம் கழிச்சு, 2011ல, கிட்டத்தட்ட 3900 மீட்டர் ஆழத்தில இருந்து எடுத்தாங்க, பதிவெல்லாம் வாசிக்கவும் ஏலுமா இருந்திச்சு. ஏனெண்டா கத்துறதுக்குத்தான் பெட்டரி, மெமரிக்கு கரண்டே தேவையில்ல.