வாசகர் கேள்வி பதில்: பிள்ளைக்கு ஆட்டிசம், பழி அம்மாவுக்கா?

கேள்வி (பாம்பன் வாசகி): மகனுக்கு நாலு வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டான், நாலைந்து வார்த்தைக்கு மேல் பேச்சில்லை. கிளிஞ்சல்களை வரிசையாக அடுக்குவான், யாராவது ஒன்றை நகர்த்திவிட்டால் அழுகை அடங்காது. படகு இன்ஜின் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். டாக்டர் ஆட்டிசம் என்கிறார். மாமியாரோ, நான் போனையே பார்த்துக்கொண்டு பிள்ளையிடம் பேசாததுதான் காரணம் என்கிறார். கிரகணத்தன்று வெளியே போனதாலாம், இது பக்கத்து வீட்டில். அவன் மூளையில் என்னதான் நடந்திருக்கிறது?

பதில்: முதலில் அந்தப் பழியை இறக்கி வைத்துவிடுங்கள் சகோதரி. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மாவைக் குற்றம் சொல்வது நம் ஊரில் மட்டும் நடந்ததும் இல்லை, 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் பெரிய படிப்பு படித்தவர்களே பாசம் காட்டாத அம்மாவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று எழுதி எத்தனையோ பெண்களை அழவைத்தார்கள். 1977இல் பிரிட்டனில் ஒருவருக்காவது ஆட்டிசம் உள்ள 21 இரட்டையர் ஜோடிகளைப் பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம், தனித்தனிக் கருவில் உருவான 10 ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. வளர்ப்பு காரணமென்றால் இப்படி வராதே. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இதில் தொடர்புடையவை என்று தெரிந்திருக்கிறது, அவற்றில் சில மாற்றங்கள் கரு உருவாகும்போது புதிதாக ஏற்படுபவை, அதனால் 'எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே' என்று யாரையும் கைகாட்ட முடியாது.

அந்த மரபணுக்களில் பல, மூளை செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணைப்புகளை (சினாப்ஸ் என்பார்கள்) கட்டுபவை. வேலை தொடங்குவது கர்ப்பத்தின் நடு மாதங்களிலேயே, நீங்கள் அவனுக்குப் போன் காட்டுவதற்கு ரொம்ப முன்னால். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தம்பி தங்கைகளைக் கைக்குழந்தையிலிருந்து ஸ்கேன் செய்து தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வு 2017இல் வந்தது. பிற்பாடு ஆட்டிசம் என்று உறுதியான குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இடையில் மூளையின் மேற்பரப்பு வழக்கத்தைவிட வேகமாக விரிந்திருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் என்றில்லை, ஆனால் வெளியே நமக்கு எதுவும் தெரிவதற்கு முன்பே உள்ளே வேறுபாடு தொடங்கிவிடுகிறது என்பது இதில் தெரிகிறது.

அப்புறம் இன்னொன்று. எந்தக் குழந்தையின் மூளையும் முதலில் தேவைக்கு மேல் இணைப்புகளைப் போட்டுக்கொண்டு, வளர வளர வேண்டாததைக் கழித்துவிடும். இறந்தவர்களின் மூளைத் திசுவைப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், குழந்தைப் பருவம் முடிவதற்குள் மற்றவர்களுக்கு இவை ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்க, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு 16 சதவீதம்தான் குறைந்திருந்தது. பார்த்தது சில பேரின் மூளைதான் என்றாலும், உங்கள் மகன் காதைப் பொத்துவதைப் புரிந்துகொள்ள இது உதவுகிறது. கரையில் மீன் ஏலம் நடக்கும்போது அத்தனை இரைச்சலிலும் ஏலம் விடுபவரின் குரல் மட்டும் உங்கள் காதில் தனியாக விழுகிறதல்லவா? மூளை மற்றதை அடக்கித் தருவதால்தான் அது முடிகிறது. தூண்டும் செல்களுக்கும் அடக்கும் செல்களுக்கும் உள்ள சமநிலை மாறினால் எல்லாச் சத்தமும் ஒரே அளவில் மோதும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதனால் அவன் ஓடுவது சேட்டையோ பிடிவாதமோ இல்லை, அவனை இன்ஜின் பக்கத்தில் நிறுத்தி 'பழக்காதீர்கள்'.

போன் நேரத்தைக் குறைப்பது நல்லதுதான், பேச்சுப் பழக இடம் கிடைக்கும். கூப்பிட்டால் திரும்பவில்லை என்கிறீர்களே, காது கேட்கும் பரிசோதனை இன்னும் செய்யவில்லை என்றால் உடனே செய்துவிடுங்கள்.

கேள்வி (கீழக்கரை வாசகர்): அக்கா மகனுக்கு மதுரையில் மூளை ஸ்கேன் எடுக்கலாம் என்கிறார்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று ஒரு இடத்தில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். வீட்டில் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்.

பதில்: ஊசிக்குப் பணம் கட்டாதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்து ஏமாறும் குடும்பங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஸ்கேனில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் வரும். மேலே சொன்ன வேறுபாடுகள் பல பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் சராசரி, ஒரு பிள்ளையின் படத்தை வைத்து ஆட்டிசத்தைச் சொல்ல முடியாது. வலிப்பு வருகிறது, பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றுவிட்டது என்றால் மட்டும் டாக்டர் சொல்லும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தர்காவுக்குப் போவது உங்கள் நம்பிக்கை, தாராளமாகப் போய் வாருங்கள். பேச்சுப் பயிற்சி நாளை மட்டும் அதற்காக விட்டுவிட வேண்டாம், சின்ன வயதில் மூளை புதிய இணைப்புகளை எளிதில் போடும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள்.

கேள்வி (தொண்டி வாசகி): மூத்தவனுக்கு ஆட்டிசம். இளையவளுக்கு ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி போடப் பயமாக இருக்கிறது.

பதில்: போடுங்கள். 1998இல் 12 குழந்தைகளை வைத்து இந்தப் பயத்தைக் கிளப்பிய கட்டுரையை அந்த மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தும் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காணவில்லை. அண்ணனுக்கு இருப்பதால் தங்கைக்கு வரும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிடப் பல மடங்கு கூடுதல், அது உண்மை. பெயர் சொன்னால் திரும்புகிறாளா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். ஒன்றரை வயதிலும் விரல் நீட்டவில்லை என்றால், 'பொம்பளைப் பிள்ளை, மெதுவாப் பேசும்' என்று யார் சொன்னாலும் கேட்காமல் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.